நார்வே மொழியின் பெயர்த்தொகைகள்: ஆக்கம், ஒலிப்பு, அசைப்பிரிப்பு

தோற்றுவாய்

இரண்டு சொற்கள் ஒன்றி ஒரு சொல்லாய் நிற்பதனைத் தொகை என வழங்குதல் தமிழிலக்கண மரபு. தொகைகள் யாவும் ஒரு சொல்லின் இயல்பினவாய் நடக்கும் என்பது தொல்காப்பியர் துணிபு. அங்ஙனம் ஒரு சொல்லாதல் எதனால் என்னும் வினாவிற்கு இலக்கண ஆசிரியர்கள் ஒருமுகமாக விடை கூறினாரல்லர். வேற்றுமையுருபு, உவமவுருபு, உம்மை முதலியன மறைந்து நிற்றலின் தொகையாயிற்று என்பார் ஒரு சாரார். சொற்கள் தம்முள் பிரிவின்றி இயைந்து நிற்றலின் தொகையாயிற்று என்பார் மற்றொரு சாரார். இவ்விரு திறத்தார் கொள்கையையும் சேனாவரையர் தம் உரையுள் எடுத்துக்காட்டுகின்றார்.

நம் வகுப்புகளில் முதற்கொள்கையே பெரிதும் பயிலப்படுகின்றது. ஒரு தொகையை விரித்து, மறைந்த உருபு இன்னது எனக் கண்ட அளவில் ஆராய்ச்சி முற்றுப்பெற்றதாகக் கொள்கின்றோம். இரண்டாம் கொள்கையோ, இயைதல் என்பது யாது, அதனைச் செவி எவ்வாறு உணர்கின்றது என்னும் வினாக்களை எழுப்பி நிற்கின்றது. இவ்வினாக்களை ஆராய்வதற்கு, வேற்றுமையுருபு ஏலாத பெயர்களை உடையதும் தொகைகள் மிக்கதுமாகிய ஒரு மொழியை நோக்குதல் பயன் தரும். அத்தகைய மொழி நார்வே நாட்டு மொழி. அம்மொழியில் பெயர்த்தொகைகள் ஆகுமாற்றையும், ஒலிக்குமாற்றையும், அசைகளாகப் பிரியுமாற்றையும் விளக்குவது இக்கட்டுரை.

மொழியும் எழுத்தும்

நார்வே மொழி செருமானிய மொழிக் குடும்பத்தின் வடகிளையைச் சார்ந்தது. சுவீடிய மொழிக்கும் தேனிய மொழிக்கும் நெருங்கிய உறவுடையது. 50 இலட்சத்திற்கு மேற்பட்டோர் அதனைப் பேசுகின்றனர். அதற்கு எழுத்து வழக்குகள் இரண்டு உண்டு. தேனிய எழுத்து வழக்கினின்று படிப்படியாகத் திருந்தி வந்தது ஒன்று. நாட்டுப்புறப் பேச்சு வழக்குகளைத் தொகுத்து ஆராய்ந்து, 1848 இலும் 1864 இலும் இலக்கண நூல்களை வெளியிட்ட ஈவார் ஓசென் என்பார் வகுத்தது மற்றொன்று. 1885 இல் நாட்டுப் பேரவை இரண்டற்கும் ஒத்த நிலை அளித்தது. 1929 முதல் முன்னையது பூக்மோல் என்றும் பின்னையது நீநொர்ஸ்க் என்றும் பெயர் பெற்றன. ஈண்டுக் காட்டப்பெறும் சொற்கள் பூக்மோல் வழக்கின. ஒலிப்பு, தலைநகராகிய ஓஸ்லோவை உள்ளிட்ட கிழக்குப் பகுதியினது.

சொற்களைத் தமிழெழுத்தில் தருங்கால் சில குறைகள் நேர்கின்றன. பகரம் முதலியவற்றின் ஒலிப்புடை வடிவும் ஒலிப்பில் வடிவும் நம் எழுத்தில் வேறுபடா. இதழ் குவித்து ஒலிக்கும் எகர ஏகாரங்களும் இகர ஈகாரங்களும் அம்மொழியில் உள்ளன. அவை இங்கு எகர, ஏகார, இகர, ஈகாரங்களாகவே எழுதப்பெற்றுள்ளன. ஒரு வகையில் மட்டும் தமிழெழுத்து மிக இயைகின்றது. கிழக்கு நார்வே ஒலிப்பில் பல்லொலியாகிய தகரமும் நாமடி ஒலியாகிய டகரமும் தனித்தனி ஒலிகள். அங்ஙனமே நகரமும் ணகரமும். அவற்றை உள்ளவாறே குறிக்கத் தமிழெழுத்து இடம் தருகின்றது.

வருமொழியின் தலைமை

தொகையில் பொருள் சிறக்கும் இடம் நான்கு எனத் தொல்காப்பியர் வகுத்தார்: முன்மொழி, பின்மொழி, இருமொழி, இவை அல்லாத பிறிது மொழி. நார்வே மொழியில் பின்மொழியாகிய வருமொழியில் பொருள் சிறக்கும் தொகைகளே மிகப் பெரும்பான்மையன. பொருளேயன்றிப் பாலும், எண்ணும், வரையறைப் பொருள் தரும் ஈறும் வருமொழியைப் பற்றியே அமைகின்றன.

'போத்' என்பது படகு. அஃது ஆண்பாற் சொல். 'ஹூஸ்' என்பது வீடு. அஃது அலிபாற் சொல். படகு நிறுத்தும் கொட்டகை 'போத்ஹூஸ்' எனப்படும். வீடாகப் பயன்படும் படகு 'ஹூஸ்போத்' எனப்படும். முன்னது அலிபால், பின்னது ஆண்பால். 'அந்தப் படகுக் கொட்டகை' என வரைந்து சுட்டுங்கால் 'போத்ஹூஸெ' என்றும், 'அந்த வீட்டுப்படகு' எனச் சுட்டுங்கால் 'ஹூஸ்போதென்' என்றும் ஈறு வேறுபடும். பன்மையில் 'ஹூஸ்போதெர்' என ஈறு பெறுவது ஒன்று. 'போத்ஹூஸ்' என ஈறின்றியே நிற்பது மற்றொன்று. நிலைமொழியாகிய சொல் தன் பாலையும் ஈற்றையும் இழந்து, வருமொழியின் பொருளை வரைவது ஒன்றே தொழிலாக நிற்கின்றது.

தனக்குரிய விகாரங்களை நிலைமொழி இழத்தல் பண்புச்சொல் முன்னிற்கும் தொகைகளில் மிகத் தெளிவாக விளங்கும். 'பேர்' என்பது சிறுகனி, அலிபாற் சொல். நீலநிறத்தைக் குறிக்கும் 'ப்ளோ' என்னும் பண்புச்சொல், தொடரில் அலிபாற் பெயரைத் தழுவும்போது 'ப்ளொத்' எனத் திரியும். எனவே 'ப்ளொத் பேர்' என்பது நீல நிறமுடைய ஏதேனும் ஒரு கனி. 'ப்ளோபேர்' என்பதோ, காடுகளில் மக்கள் பறித்து உண்ணும் ஒரு குறித்த கனியினத்தின் பெயர். தொகையில் பண்புச்சொல் பாலீறு இன்றி அடிச்சொல்லளவாய் நிற்கின்றது. செம்மை என்பது ஈறு கெட்டுச் 'செந்தாமரை' என நிற்பதனோடு இதனை ஒப்பிட்டுக் காண்க.

வினை முன்னிற்கும் தொகைகளும் பல. 'த்ரிக்கெ' என்பது பருகுதல். 'வன்' என்பது நீர். 'த்ரிக்கெவன்' என்பது நாம் குடிநீர் என வழங்குவதே. எழுதுதற்குரிய மேசை 'ஸ்க்ரீவெபூர்' எனப்படும். எழுதுதலைக் குறிக்கும் 'ஸ்க்ரீவெ', மேசையைக் குறிக்கும் 'பூர்' ஆகிய இரண்டும் இயைந்தது அது. இவற்றில் காலமும் வினைமுதலும் தோன்றாமை நம் வினைத்தொகையை நினைவூட்டும். எனினும் ஒரு வேறுபாடு உண்டு. நம் வினைத்தொகையில் வினைப்பகுதி தனித்து நிற்கின்றது. அங்கோ வினை எகர ஈற்றோடு நிற்கின்றது.

பிறிது மொழியில் பொருள் சிறப்பனவும் உண்டு. 'ரே' என்பது சிவப்பு. 'ஸ்த்ரூபெ' என்பது தொண்டை. 'ரேஸ்த்ரூபெ' என்பது செந்நிறத் தொண்டையுடைய ஒரு சிறு பறவை. இஃது அன்மொழித்தொகையின் இயல்பினது. இருமொழியிலும் பொருள் சிறப்பன மிகச் சில.

இனி, விரித்து நோக்குவோம். 'வீன்' என்பது திராட்சை மது. 'க்லஸ்' என்பது கண்ணாடிக் கிண்ணம். 'வீன்க்லஸ்' என்பது மது பருகுதற்குரிய கிண்ணம். அது வெறுங்கிண்ணமாக இருப்பினும் அப்பெயர் பெறும். 'க்லஸ் வீன்' எனச் சொற்களை மாற்றித் தொடராகக் கூறின், ஒரு கிண்ண அளவினதாகிய மது என்பது பொருள். இவ்விரண்டனுள் எதிலும் வேற்றுமையுருபு மறைந்தது எனக் கூற இடமில்லை. அம்மொழியின் பெயர்கள், உடைமைப் பொருளைக் குறிக்கும் ஸகர ஈறு ஒன்று ஒழிய, வேற்றுமையுருபு ஏற்பனவல்ல. மறைதற்கு உருபு இல்லாதவழியும் தொகை ஆகின்றது என்பது இதனால் பெறப்படும்.

இணைப்பொலி

அங்ஙனமாயின் அந்த ஸகர ஈறு தொகைகளின் நடுவே தோன்றுகின்றதே, அதனை வேற்றுமையுருபு எனக் கொள்ளலாகாதோ என்னும் ஐயம் எழும். இதனைச் சிறிது விரிவாக ஆராய்தல் வேண்டும்.

நார்வே மொழித் தொகைகளில் இரு சொற்களுக்கும் இடையே ஒன்றும் தோன்றாமை ஒரு வகை. ஸகரமெய் தோன்றுதல் ஒரு வகை. எகரவுயிர் தோன்றுதல் ஒரு வகை. 'தாக்' என்பது நாள் அல்லது பகல். அது 'பூக்' என்னும் நூற்பெயரோடு இயைந்து 'தாக்பூக்' என இயல்பாய் நின்று நாட்குறிப்பேட்டினைக் குறிக்கும். ஒளியைக் குறிக்கும் 'லீஸ்' என்பதனோடு இயையுங்கால் 'தாக்ஸ்லீஸ்' என ஸகரம் பெறும்; பகலொளி என்பது பொருள். குழந்தையைக் குறிக்கும் 'பாண்' என்பது தோட்டத்தைக் குறிக்கும் 'ஹாகெ' என்பதனோடு இயைந்து 'பாணெஹாகெ' என எகரம் பெறும். பள்ளிப்பருவம் எய்தாத குழந்தைகளுக்குரிய காப்பகத்தின் பெயர் அது. 'பாணெபாண்' என்பது குழந்தையின் குழந்தை, அதாவது பேரக்குழந்தை.

வரலாற்று நோக்கில் ஸகரம் பழைய ஆறாம் வேற்றுமை ஈற்றின் வழிவந்ததே. ஆயினும் இன்றைய தொகைகளில் அஃது உடைமைப் பொருள் தருவதன்று. இதற்கு மூன்று சான்றுகள் கூறலாம்.

முதலாவது, ஸகரம் வருதலும் வாராமையும் பொருளுறவைப் பற்றி அமையவில்லை. 'தாக்பூக்' என்பதில் அது வாராமைக்கும் 'தாக்ஸ்லீஸ்' என்பதில் அது வருதற்கும் பொருளளவில் காரணம் காட்டலாகாது. சிலவிடங்களில் இரு வடிவும் வெவ்வேறு சொற்களாக நிலைத்துவிட்டன. 'லன்' என்பது நிலத்தையும் நாட்டையும் குறிக்கும். 'லன்மன்' என்பது உழவன். 'லன்ஸ்மன்' என்பது ஒரு நாட்டவன், தன் நாட்டான்.

இரண்டாவது, பழைய வழக்கில் ஸகரத்தை ஏலாத பெயர்களும் இன்று தொகையில் அதனைப் பெறுகின்றன. பழைய நார்வே மொழியில் 'இங்' என முடியும் பெண்பாற் பெயர்கள் ஆறாம் வேற்றுமையில் 'அர்' என்னும் ஈறு பெற்றன. இன்றோ 'இங்' என முடியும் சொற்கள் தொகையில் முறையாக ஸகரம் பெறுகின்றன. ஆட்சிக்குழுவைக் குறிக்கும் 'ரெயேரிங்', தலைவரைக் குறிக்கும் 'ஷேஃப்' என்பதனோடு இயைந்து 'ரெயேரிங்ஸ்ஷேஃப்' என ஆகும். அங்ஙனமே 'ஹேத்', 'தொம்', 'ஸ்காப்' என்னும் விகுதிகளான் முடியும் நுண்பொருட் பெயர்களும் ஸகரம் பெறுகின்றன. இங்கு ஸகரத்தை வருவிப்பது நிலைமொழியின் ஈறே, பொருளுறவு அன்று.

மூன்றாவது சான்று மிகவும் நுண்ணியது. 'வீன்க்லஸ்' என்பதில் இணைப்பொலி இல்லை என மேலே கண்டோம். செந்நிற மது 'ரேவீன்' எனப்படும். செந்நிற மதுவிற்குரிய கிண்ணமோ 'ரேவீன்ஸ்க்லஸ்' எனப்படும். வீன் என்னும் அதே சொல், தனித்து நிலைமொழியானபோது ஸகரம் பெறாது, தானே ஒரு தொகையின் உறுப்பாகி நின்றபோது பெறுகின்றது. செந்நிறம் மதுவிற்கு அடை, கிண்ணத்திற்கு அன்று. முதலிரண்டு சொற்களும் முன்னர் இயைந்து, அவ்வியைபு பின்னர்க் கிண்ணத்தோடு இயைந்தது என்பதனை ஸகரம் செவிக்கு உணர்த்துகின்றது. எனினும் இது முழுதும் பொது விதியன்று. பந்தாட்ட வகையைக் குறிக்கும் 'ஃபுத்பல்' என்பது தொகையாயினும், பிற சொற்களோடு இயையுங்கால் ஸகரம் பெறுவதில்லை.

இவற்றான், இவ்விணைப்பொலிகள் உருபுகள் அல்ல, சாரியைகளோடு ஒப்பன என்பது போதரும். 'புளியம்பழம்' என்பதில் அம் என்பது நிலைமொழியாகிய மரப்பெயரை நோக்கி வந்து இரு சொற்களையும் பிணைத்தல் போல, ஸகரமும் எகரமும் நிலைமொழியின் அமைப்பை நோக்கி வந்து பிணைக்கின்றன.

அழுத்தமும் இசையும்

இரு சொற்கள் ஒன்றாயின என்பதற்கு நார்வே மக்களின் செவி கொள்ளும் முதன்மையான அடையாளம் ஒலிப்பே. தனிச்சொல் ஒவ்வொன்றும் ஒரு தலையழுத்தம் உடையது. தொகையாகுங்கால் நிலைமொழியின் அழுத்தம் தலையழுத்தமாக நிலைபெறும். வருமொழியின் அழுத்தம் தாழ்ந்து துணையழுத்தமாகும். 'போத்ஹூஸ்' என்பதில் 'போத்' எடுத்து ஒலிக்கப்படும். 'ஹூஸ்' சிறிது படுத்து ஒலிக்கப்படும். தலையழுத்தம் எப்போதும் தொகையின் முதலசையிலேயே விழும் எனக் கருதற்க. 'ரெயேரிங்' என்பது தனித்து நிற்கும்போதே இரண்டாம் அசையில் அழுத்தம் பெறுவது; ஆதலின் 'ரெயேரிங்ஸ்ஷேஃப்' என்பதிலும் தலையழுத்தம் 'யே' என்பதன்கண்ணேயே நிற்கும்.

துணையழுத்தம் பெற்ற வருமொழி தன் நெடிலைக் குறுக்குவதில்லை. 'ஹூஸ்' தொகையின் ஈற்றிலும் நெடிலாகவே ஒலிக்கும். தொகை ஒரு சொல்லாயினும் அதன் உறுப்புகள் சிதைந்து கரைவதில்லை என்பது இதனால் விளங்கும்.

இனி இசை. நார்வே மொழியின் பெரும்பாலான வழக்குகளில் சொல்லுக்கு இரண்டு இசைகள் உண்டு. கிழக்கு வழக்கில், அழுத்தம் பெற்ற அசை தாழ்ந்து ஒலித்துப் பின்னர் உயர்வது முதல் இசை. அழுத்தம் பெற்ற அசையிலேயே குரல் உயர்ந்து நின்று வீழ்ந்து, பின்னர் மீண்டும் உயர்வது இரண்டாம் இசை. எழுத்துகள் ஒன்றாயினும் இசை வேறுபட்டால் சொல் வேறாகும். 'தங்க்கென்' என்பதனை முதல் இசையோடு கூறின் அந்த நீர்த்தொட்டி என்பது பொருள். இரண்டாம் இசையோடு கூறின் அந்த எண்ணம் என்பது பொருள். எழுத்து வழக்கில் இவ்விரண்டற்கும் வேறுபாடு இல்லை. 'பென்னெர்' என்பதும் இவ்வாறே முதல் இசையில் உழவர்களையும் இரண்டாம் இசையில் அவரையினத்து விதைகளையும் குறிக்கும். இவை மட்டும் எழுத்தில் ஓரளவு வேறுபடும்.

மேற்கு வழக்குகளில் இவ்விசைகளின் ஏற்ற இறக்கம் வேறு வகையின. பெர்கன் நகரைச் சூழ்ந்த சில இடங்களிலும் வடகோடியின் சில பகுதிகளிலும் இவ்வேறுபாடே இல்லை.

தொகை முழுவதற்கும் உரிய இசை ஒன்றே. அஃது எந்த இசை என்பதனைப் பெரும்பாலும் நிலைமொழியே தீர்மானிக்கின்றது. கோடையைக் குறிக்கும் 'ஸொம்மெர்' இரண்டாம் இசையது. குளிர்காலத்தைக் குறிக்கும் 'வின்தெர்' முதல் இசையது. நாளைக் குறிக்கும் 'தாக்' என்பதனோடு இவை இயைந்து ஆகும் கோடைநாள் என்னும் தொகை இரண்டாம் இசையையும், குளிர்நாள் என்னும் தொகை முதல் இசையையும் பெறுகின்றன. நிலைமொழி ஓரசைச் சொல்லாயின் விதி அத்துணைத் தெளிவாக இல்லை. சில தொகைகள் முதல் இசையும் சில இரண்டாம் இசையும் பெறும். எகர இணைப்பொலி வந்தவழி இரண்டாம் இசையே பெருவரவிற்று. அண்டை நாட்டின் நடுப்பகுதிச் சுவீடிய வழக்கிலோ, தொகைகள் நிலைமொழியின் இசையை நோக்காது இரண்டாம் இசையையே பெறுகின்றன. நெருங்கிய உறவுடைய இரு மொழிகள் இதில் வேறு வழிச் செல்லுதல் கருதத்தக்கது.

பொருளுக்குப் பால் வருமொழியில், இசைக்கு முதல் நிலைமொழியில் என இவ்வாறு இரு முனைகளும் தம்முள் பணியைப் பங்கிட்டுக்கொள்கின்றன. வருமொழி தன் ஈற்றால் தொகையைத் தொடரோடு இயைக்கின்றது. நிலைமொழி தன் இசையால் தொகையை ஒன்றாக்குகின்றது.

பிரித்தெழுதுதலின் கேடு

நார்வே மொழி எழுத்து வழக்கில் பெயர்த்தொகைகளை இடம்விடாது சேர்த்தெழுதுதலே விதி. அண்மைக் காலத்தில் இவற்றைப் பிரித்தெழுதும் பிழை கடைப் பலகைகளிலும் விளம்பரங்களிலும் பெருகியிருப்பது பற்றி அந்நாட்டு மொழிக்காவலர் கவல்கின்றனர். 'லம்மெலோர்' எனச் சேர்த்தெழுதின் ஆட்டுக்குட்டியின் தொடையிறைச்சி. 'லம்மெ லோர்' எனப் பிரித்தெழுதின் முடங்கிய தொடைகள். 'ரெய்க்ஃப்ரித்' என்பது புகையற்றது எனப் பொருள்படும் பண்புத்தொகை. புகைத்தலைத் தடுக்கும் அறிவிப்பில் வருவது. அதனையே 'ரெய்க் ஃப்ரித்' எனப் பிரிப்பின், 'தடையின்றிப் புகைப்பாயாக' என்னும் ஏவலாகி விலக்கு விதியாய் மாறிவிடும்.

இவை நகைப்பிற்கு இடமாயினும் ஓர் உண்மையைக் காட்டுகின்றன. பேசுங்கால் இம்மயக்கம் நேர்வதில்லை. தொகையில் தலையழுத்தம் ஒன்று. தொடரில் ஒவ்வொரு சொல்லும் தன் அழுத்தம் பெறும். செவி உடனே வேறுபடுத்தி உணரும். அவ்வேறுபாட்டை எழுத்தில் காட்டுதற்கு உள்ள கருவி, இடம் விடுதலும் விடாமையுமே. அதனைக் கைவிடின் எழுத்து ஊமையாகிவிடும்.

தமிழில் இப்பணியின் ஒரு பகுதியை வல்லெழுத்து மிகுதல் செய்கின்றது. 'தந்த பலகை' என்பது எச்சத்தொடர். 'தந்தப் பலகை' என்பது தந்தத்தாலாகிய பலகை. இசை செய்யும் தொழிலை இங்கு ஓர் ஒற்றுச் செய்கின்றது. ஒற்றினைக் கருதாது விடுவார், நார்வே நாட்டில் தொகையைப் பிளந்தெழுதுவார் செய்யும் பிழையையே செய்கின்றனர் எனலாம்.

அசைப்பிரிப்பு

அசை என ஈண்டுக் கூறுவது உயிரொன்றை நடுவாகக் கொண்ட ஒலிக்கூறு. யாப்பில் கூறும் நேரும் நிரையும் அல்ல. நார்வே மொழியில் அழுத்தம் பெற்ற அசை என்றும் கனத்தது. நெடில் வரின் அதனை அடுத்த மெய் குறுகி நிற்கும். குறில் வரின் அடுத்த மெய் நீண்டோ பல மெய்களாய் மயங்கியோ நிற்கும். 'ஹாத்' என்பது பகை. 'ஹத்' என்பது தொப்பி. பின்னதன் தகரமெய் எழுத்தில் இரட்டித்து, முன்னின்ற உயிர் குறில் என்பதனைக் காட்டும்.

வரியிறுதியில் சொல்லைப் பிரித்தற்கு இரு விதிகள் உண்டு. தொகையாயின் உறுப்புகள் இயையும் இடத்தில் பிரித்தல் ஒன்று. இணைப்பொலி நிலைமொழியோடு நிற்கும்: 'ரேவீன்ஸ்-க்லஸ்', 'பாணெ-ஹாகெ'. தனிச்சொல்லாயின், உயிர்களுக்கு இடைப்பட்ட மெய்களுள் இறுதி ஒன்றினை மட்டும் அடுத்த வரிக்குக் கொண்டுசெல்லுதல் மற்றொன்று: 'ஹா-கெ', 'ஸொம்-மெர்'.

இரு விதிகளும் முரணுமிடத்துத் தொகை விதியைக் கொள்ளுதல் தெளிவு தரும். 'யேண்' என்பது இரும்பு. 'பானெ' என்பது பாதை. 'யேண்பானெ' என்பது நாம் இருப்புப்பாதை என்பதே. இரு மொழிகளிலும் ஒரே உருவகம் நிற்றல் காண்க. அதனோடு நிலையத்தைக் குறிக்கும் 'ஸ்தஷூன்' இயைந்து 'யேண்பானெஸ்தஷூன்' என ஐந்து அசைகளை உடையதாகும். தலையழுத்தம் முதலசையிலும் துணையழுத்தம் ஈற்றசையிலும் நிற்கும். ஒரு மெய்யையே அடுத்த வரிக்குக் கொண்டுசெல்லும் விதியைக் கண்மூடிப் பின்பற்றின், 'யேண்பானெஸ்-தஷூன்' எனப் பிளந்து பொருளற்ற துண்டுகள் எஞ்சும். தொகை விதியோ 'யேண்பானெ-ஸ்தஷூன்' எனச் சொல் சிதையாது பிரிக்கின்றது.

ஒரே மெய் மூன்று அடுத்து வரின் எழுத்தில் ஒன்றனைக் கெடுத்து இரண்டாக எழுதுவர். 'ஃபுத்பல்' என்பது இரட்டை லகர ஈற்றது. குழுவைக் குறிக்கும் 'லாக்' லகர முதலது. இரண்டும் இயையுங்கால் லகரம் மூன்றாதல் வேண்டும், எழுதப்படுவன இரண்டே. ஆயின் வரியிறுதியில் இச்சொல்லைப் பிரிக்குங்கால், கெட்ட லகரம் மீண்டும் தோன்றும். முன்வரியில் இரண்டும் பின்வரியில் ஒன்றுமாக நிற்கும். தொகையுள் மறைந்த உறுப்பு பிரிவில் வெளிப்படும் இம்முறை, புணர்ச்சியில் கெட்ட எழுத்தைப் பிரித்துக் காணும் நம் முறையினை ஒத்தது.

பேச்சின் அசையும் எழுத்தின் பிரிப்பும் ஒவ்வாத இடங்களும் உள. கிழக்கு வழக்கில் ரகரமெய்யை அடுத்துப் பல்லொலிகள் வரின், இரண்டும் ஒன்றி நாமடி ஒலியாகும். ரகரமும் தகரமும் டகரமாம். ரகரமும் நகரமும் ணகரமாம். ரகரமும் ஸகரமும் ஷகரமாம். குழந்தையைக் குறிக்கும் சொல்லும் இரும்பைக் குறிக்கும் சொல்லும் ரகரமெய்யோடு எழுதப்பட்டு, 'பாண்' எனவும் 'யேண்' எனவும் ஒலித்தல் இதனாலேயே. இவ்விகாரம் தொகையின் இயைபிலும் நிகழும். 'வோர்' என்னும் இளவேனிற் பெயரும் 'ஸூல்' என்னும் ஞாயிற்றுப் பெயரும் இயைந்து 'வோஷூல்' என ஒலிக்கும். 'வின்தெர்' என்பதும் 'தாக்' என்பதும் 'வின்தெடாக்' என ஒலிக்கும். பேச்சில் அசைகள் 'வோ-ஷூல்' எனவும் 'வின்-தெ-டாக்' எனவும் பிரியும். எழுத்தில் ரகரம் முன்வரியிலும் ஸகரமோ தகரமோ பின்வரியிலும் நிற்கும். கல்லும் தூணும் 'கற்றூண்' ஆனபோது தமிழ் அவ்விகாரத்தை எழுத்திலும் காட்டியது. நார்வே எழுத்து உறுப்புகளின் பழைய உருவைக் காத்து, விகாரத்தைச் செவிக்கு விட்டுவிட்டது. தென்மேற்குப் பகுதிகளில், ரகரத்தை அண்ணத்தின் பின்புறத்தில் ஒலிப்பாரிடம், இவ்விகாரம் இல்லை.

ஒரே எழுத்துவரிசை இரு வகையாகப் பிரிதலும் உண்டு. 'லன்ஸ்லாக்' என்பது நாட்டின் சார்பில் விளையாடும் குழு. 'லன்ஸ்', 'லாக்' எனப் பிரியும். 'லன்', 'ஸ்லாக்' எனப் பிரிப்பின் 'ஸ்லாக்' என்பது போராதலின் நிலப்போர் எனப் பொருள்படும். ஸகரம் இணைப்பொலியாய் முன்னசையைச் சார்கின்றதோ, வருமொழியின் முதலாய்ப் பின்னசையைச் சார்கின்றதோ என்பதே வேறுபாட்டிற்குக் காரணம்.

முடிவுரை

எழுத்து வேறுபடாது பொருள் வேறுபடும் புணர்ச்சிகள் இசையால் வேறுபடும் எனவும், அவ்வேறுபாட்டைக் காட்டும் கடப்பாடு எழுத்திற்கு இல்லை எனவும் தொல்காப்பியர் புணரியலின் இறுதியில் கூறினார். உரையாசிரியர்கள் 'செம்பொன்பதின்றொடி' என்பதனை எடுத்துக்காட்டி, செம்பு எனவும் செம்பொன் எனவும் இரு வகையாகப் பிரித்துக் காட்டினர். எடுத்துக்காட்டினை மனப்பாடம் செய்கின்றோம். அவ்விசை எத்தகையது என ஆராய்வது அரிது. நார்வே மொழியில் அத்தகைய இசை ஐம்பது இலட்சம் மக்களின் அன்றாடப் பேச்சில் உயிரோடு இயங்குகின்றது. எழுத்து அதனைக் குறிப்பதும் இல்லை. தொல்காப்பியர் கூறிய இரு செய்திகளுக்கும் அது கண்கூடான சான்றாகும்.

இதனால் தமிழிலும் அதே இசைமுறை உண்டு எனத் துணிதல் பொருந்தாது. தமிழ், சொல்லிசையால் பொருள் வேறுபடுக்கும் மொழியன்று. ஆயின், உருபு மறைதலே தொகையின் இலக்கணம் என்னும் கொள்கை எல்லா மொழிக்கும் பொருந்தாது என்பதும், சொற்கள் ஒன்றாய் இயைதலே தொகை என்னும் கொள்கைக்குச் செவிப்புலனாகும் ஆதாரங்கள் இருத்தல் கூடும் என்பதும் இவ்வாராய்ச்சியால் பெறப்படுகின்றன. நார்வே மொழியில் அவ்வாதாரங்கள் நான்கு: நிலைமொழி தன் விகாரத்தை இழத்தல், இணைப்பொலி, ஒற்றைத் தலையழுத்தம், ஒற்றை இசை.

தமிழ்த் தொகைகளில் ஒற்று மிகுதலும் சாரியையும் நன்கு ஆராயப்பட்டவை. வல்லெழுத்து மிகாத வினைத்தொகையிலும் உம்மைத்தொகையிலும், தொகையையும் தொடரையும் செவி எதனால் வேறுபடுத்துகின்றது? வேறுபடுத்துகின்றதாயின், அதற்குரிய எடுத்தலும் படுத்தலும் எவ்வசையில் நிகழ்கின்றன? ஒலியைப் பதிவு செய்து அளக்கும் கருவிகள் இன்று மாணவர் கைக்கு எட்டுவன. இலங்கையிலிருந்து சென்று நார்வேயில் வாழும் தமிழர் பல்லாயிரவர். இரு மொழிகளையும் இளமையிலேயே பேசி வளரும் அவர்தம் மக்களின் பேச்சும் இவ்வாய்விற்கு நல்ல களமாகும். உரையாசிரியர் இரு திறத்தாராய் நின்ற இடத்தில், ஏட்டுச் சான்றோடு செவிச் சான்றினையும் சேர்த்து ஆராய்தல் முதுகலை மாணவர் மேற்கொள்ளத்தக்க பணியாம்.